கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு விளக்கு

ஆடி, இரண்டாம் வெள்ளி

அன்புள்ள ஹேமா அக்காவுக்கு,

மாடியில் ஐயா செய்து வைத்திருக்கும் குட்டி ஊரில் எல்லா விளக்கும் ஒன்றாக மங்குகின்றன. ஒரே ஒரு விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் மங்காமல் நிற்கிறது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். விசாரித்து முடிப்பதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும்.

இங்கு ஐயாவும் என் அம்மாவும் நானும் நலம். நீங்களும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்க வேண்டும். ஐயா சுகர் மாத்திரையை மறக்காமல் போடுகிறார்கள். மறந்தால் நான் தண்ணீர் டம்ளரோடு போய் எதிரில் நிற்பேன், புரிந்துகொள்வார்கள்.

போனில் நீங்கள் என்ன கேட்டாலும் நான் "ம்" என்று மட்டும் சொல்கிறேன் என்று வருத்தப்பட்டீர்கள். உங்கள் குரல் கேட்டதும் எனக்கு வார்த்தை வருவதில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வராது. நான் முதல் பெஞ்சில்தான் இருப்பேன். புதிதாக வந்த சார் நிமிர்ந்து பார்க்காமல் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். பத்தாவதோடு நின்றுவிட்டேன். எழுத்து மட்டும் வரும். அதனால் நீங்கள் சொன்னபடி எழுதி, அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன்.

என்னை இந்த வீட்டில் தங்கச் சொன்னபோது இரண்டு விஷயம் பார்த்து எழுதச் சொன்னீர்கள். ஆச்சிக்குக் காரியம் செய்ய ஐயா சம்மதிப்பார்களா. அது முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு சிங்கப்பூர் வருவார்களா. ஆச்சி காணாமல் போன பிறகு ஒரு மாசி வந்து போய்விட்டது, இனி உங்களைப் பெற்ற ஆத்தா வரமாட்டார்கள் என்று நீங்கள் மனதைத் தேற்றிக்கொண்டதாக அம்மா சொன்னாள். ஐயாவின் மனதில் இருப்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர்கள் பேசுவதே இல்லை. நானும் பேசாதவள். நடுவில் மாட்டிக்கொண்டது அம்மாதான். "ரெண்டு பேருக்கும் சேத்து நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்றேன், நாளைக்கு எனக்கே பைத்தியம் புடிச்சா ஹேமாவுக்கு எவ எழுதுவா" என்று சமையல்கட்டில் சத்தம் போடுகிறாள்.

குட்டி ஊரை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது ரயில் மட்டும்தான் ஓடியதாமே. இப்போது மாடிக் கூடம் முழுவதும் ஊர். நம் ஸ்டேஷன், ரயில்வே கேட்டு, கண்மாய்க்கரை, தெரு, தெருவின் கடைசியில் நம் வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கொல்லை எல்லாம் அப்படியே இருக்கிறது, ஓடுகூட ஒன்று ஒன்றாக ஒட்டியது. கடுகு மாதிரி விளக்குகள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஐயா கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் மேலே இருக்கிற பெரிய விளக்கு வெயில் மாதிரி எரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகி, நீலமாகிறது. அப்புறம் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக, பாலில் டிக்காஷன் கலப்பது போல மெதுவாக ஏறும். காப்பி குடித்து முடிப்பதற்குள் அங்கே ஒரு சாயங்காலம் முடிந்துவிடும். அம்மா ஒரே ஒரு நாள் வந்து பார்த்தாள். "இந்த ஊர்ல கரண்ட் கட்டே இல்ல, நம்ம ரேஷன் கார்டை இங்கிட்டு மாத்திக்கலாம்டி" என்றாள். ஐயா சிரித்த மாதிரி இருந்தது.

இந்தக் கம்ப்யூட்டர் வந்ததே ஆச்சியால்தான் என்றும் அம்மா சொன்னாள். முன்பெல்லாம் ஐயா ஸ்விட்சைத் தட்டி ஊரை ஒரேயடியாக அணைத்துவிடுவார்களாம். ஆச்சி, விளக்கை அப்படிப் பட்டென்று அணைக்கக் கூடாது, ஊரைக் குளிர வையுங்கள் என்று சண்டை பிடிப்பார்களாம். அதற்காகத்தான் ஐயா விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குகிற பலகையை வரவழைத்துக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார்கள்.

நான் சொன்ன விளக்கு நம் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு மேலே இருப்பது. ஊர் முழுவதும் குளிர்ந்த பிறகும் அது மட்டும் நிற்கும். அது நிற்கும்வரை ஐயாவும் அசையாமல் நிற்பார்கள். உதடு மட்டும் அசையும். அப்புறம் அதுவும் குளிரும்.

அது ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பணிவுள்ள அன்புமொழி


ஆவணி, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உள்ள ஹேமா அக்காவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. "விளக்கை விடு, அப்பச்சி என்ன சொல்கிறார்கள் என்று எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமாக எழுதவில்லை என்று தெரியும். ஆனால் ஐயா விளக்கால்தான் பேசுகிறார்கள், நான் வேறு எதை எழுதுவது.

போன வாரம் பங்காளி வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். புரட்டாசி மகாளய அமாவாசைக்கு நீங்கள் வரும்போது காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்குப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைப்பது உண்டாம். அதற்குப் பிறகு ஒருவேளை அவர்கள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாதான் கேட்டாள். அவர்களில் ஒருவர், காரியம் செய்தவர்களை வாசல் வழியாக உள்ளே விடக் கூடாது என்றார். இன்னொருவர், "அழகி, ஒனக்கு எப்பப் பாத்தாலும் குறுக்கால ஒரு கேள்வி" என்று அடக்கிவிட்டார். ஐயா எழுந்து மாடிக்குப் போய்விட்டார்கள்.

உங்களுக்குக் காட்டலாம் என்று அன்று குட்டி ஊரை வீடியோ எடுத்தேன். கண்ணுக்குச் சாந்தமாக எரிகிற விளக்கெல்லாம் போனில் துடித்தன. குறுக்கே கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியது. போன் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஐயாவிடம் காட்டினேன். என்னிடம் அவர்கள் நீளமாகப் பேசியது அன்றுதான். மங்கலாக எரியும் விளக்கு என்று ஒன்று கிடையாதாம். கம்ப்யூட்டர் அதை அணைத்து அணைத்து ஏற்றுகிறதாம், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில். அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட நமக்கு மங்கலாகத் தெரிகிறதாம். "பாதி நேரம் இல்லாம இருக்கு, நாம இருக்குன்னு நினைச்சுக்கறோம். காமிரா ஏமாறாது. முழுசா எரியறது மட்டுந்தான் துடிக்காது" என்றார்கள். பிறகு பிரகாசத்துக்கான எண்ணை மாற்றுவதற்காகத் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த வீடியோவைக் கீழே வந்து திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் எனக்கு வரிசை புரிந்தது. ஊர் விளக்கெல்லாம் ஏறி முடிந்ததும் நம் வீட்டு இரண்டாங்கட்டு விளக்கு குறைகிறது, கொல்லைக் கதவு விளக்கு கூடுகிறது. அது குறையும்போது சந்துக் கம்பத்து விளக்கு கூடுகிறது. அப்புறம் அடுத்த கம்பம், அதற்கடுத்தது. யாரோ கையில் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு நடப்பது போல ரயில்வே கேட்டு வரைக்கும் போகிறது. கேட்டில் கொஞ்சம் தயங்குகிறது. பிறகு வந்த வழியே ஒவ்வொரு கம்பமாகத் திரும்பி வருகிறது. கொல்லைக் கதவுக்கு வந்து நிற்கிறது.

ஆச்சி கேட்டுப் பக்கம் போனதுவரைக்கும் ஊருக்கே தெரியும். திரும்பி வந்தது யாருக்குத் தெரியும்?

கேட்டில் வேலை பார்த்த சிவசாமி இப்போது சுரங்கப்பாதை ஓரத்தில் இளநீர் வெட்டுகிறார். ஐயாவுக்கு இளநீர் வாங்கப் போகும்போதெல்லாம், "என்னாத்தா, வாயை வீட்லயே பூட்டி வச்சுட்டு வந்துட்டியா" என்று கேலி செய்வார். நேற்று நான் வீடியோவை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். விளக்கு கேட்டில் திரும்பும் இடம் வந்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். காணாமல் போன அன்றைக்கு ஆச்சி கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், ரயில் போனதும் வந்த வழியே வீட்டுப் பக்கம் திரும்பிப் போனார்களாம். போலீஸ் விசாரித்தபோது அவர் வேலை மாற்றலாகி அறந்தாங்கிப் பக்கம் போயிருந்தாராம். ஊருக்குத் திரும்பியதும் ஐயாவிடம் மட்டும் சொன்னாராம். "வெளக்கு வைக்கிற நேரம் ஆத்தா. வீட்டுக்குப் போய்ச் சேந்துருப்பாங்கன்னுதான் நெனச்சேன்" என்றார். அதற்குமேல் கேலி செய்யவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் என்றதும் எனக்குக் கொல்லைத் தாழ் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் விளக்கேற்றுவதற்கு முன்னால் கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். வாசலில் வருகிற லட்சுமி கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது என்பார்கள். நீங்களும் சின்ன வயதில் ஓடிப்போய்த் தாழ் போட்டிருப்பீர்கள். அந்த மாசி மாதச் சாயங்காலம் அம்மா ஒரு வளைகாப்புக்கு மீமிசல் போயிருந்தாள். ஐயாதான் விளக்கேற்றினார்கள். ஆச்சி உள்ளே படுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இன்று விளக்கு நின்றபோது நான் ஐயாவின் பக்கத்திலேயே நின்றேன். அசையும் உதட்டில் இன்றுதான் சத்தம் வந்தது. "யாரு? வெளக்கு வச்சாச்சு, வாசல் வழியா வாங்க." அவ்வளவுதான். அதையே மறுபடியும் சொன்னார்கள். விளக்கு மெல்லக் குளிர்ந்தது. என் பக்கம் திரும்பாமல், "எவ்வளவு நேரம் நின்னுருப்பா?" என்று கேட்டார்கள். தினமும் அவர்கள் மாற்றுவது அந்த நேரத்தைத்தான் என்று அப்போது புரிந்தது. நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகமாக நின்றது.

ஆச்சிக்கு மறதியோடு கடைசியில் பேச்சும் போய்விட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். உங்கள் பேரைக்கூடச் சொல்ல வராமல் கையை மட்டும் ஆட்டுவார்களாம். அன்று ஆச்சி கொல்லைக் கதவைத் தட்டியிருப்பார்கள். யாரு என்று ஐயா உள்ளேயிருந்து கேட்கிறார்கள், நான்தான் என்று சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அக்கா.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஐயாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். போனில் இதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் மரியாதையுடன்,
அன்புமொழி


புரட்டாசி, வியாழன்

அன்புள்ள ஹேமா அக்காவுக்கு,

நீங்கள் காத்திருந்த செய்திதான். ஐயா சம்மதித்துவிட்டார்கள். நேற்றுக் காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஹேமா சொல்றபடி செஞ்சிருங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இலையை மடித்தார்கள். பங்காளி வீட்டிலிருந்து ஆள் வந்து, காரியத்துக்குப் புல் சொல்லியாகிவிட்டது என்று சொல்லிப் போனார். உங்களுக்கும் போன் செய்திருப்பார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே உங்கள் அறையை ஒட்டடை அடித்தாள். சிங்கப்பூரில் இட்லி அரிசி கிடைக்குமா என்று ஐயா கேட்டார்கள். அதனால் வரவும் மனது வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஐயா என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். ஊர் வழக்கம் போல ஏறியது. ரயில் ஒருமுறை சுற்றி வந்து ஸ்டேஷனில் நின்றது. ஆனால் வெளிச்சம் கொல்லையிலிருந்து கிளம்பவில்லை, கேட்டுக்கும் போகவில்லை. அந்த வரிசையை அழித்துவிட்டார்கள். எல்லா விளக்கும் ஒன்றாகக் குளிர்ந்தன, கொல்லைக் கதவு விளக்கும் மற்றதோடு சேர்ந்தே குளிர்ந்தது. ஐயா கம்ப்யூட்டரை மூடினார்கள். பலகைக்குப் போகிற வயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்தார்கள். "அவ்வளவுதாம்மா" என்றார்கள். என்னை அம்மா என்று அவர்கள் கூப்பிட்டது இல்லை.

பலகைக்கு வருகிற கரண்டை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்காக நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். கீழே அம்மா வாசல் விளக்கை வைத்துவிட்டாள் என்று மணிச் சத்தத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால் கொல்லைத் தாழ் விழுந்த சத்தமும் கேட்டிருந்தது.

நிமிர்ந்தபோது ரயில்வே கேட்டில் வெளிச்சம் இருந்தது.

ஐயாதான் ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். அவர்கள் ஜன்னல் ஓரத்தில், கையில் அந்த வயரோடு நின்றுகொண்டிருந்தார்கள். முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கேட்டு விளக்கு குறைந்து முதல் கம்பம் கூடியது. எப்போதும் வருவதைவிட மெதுவாக வந்தது. சில கம்பங்களில் நின்று நின்று வந்தது. சந்து திரும்பும் இடத்தில் தப்பாகக் கண்மாய்க்கரைப் பக்கம் போய், அங்கே கொஞ்சம் இருந்துவிட்டு, திரும்பி வந்தது. ஐயா போட்டு வைத்த வரிசையில் கண்மாய்க்கரை என்றைக்கும் இருந்ததில்லை.

கொல்லைக் கதவுக்கு மேலே வந்து நின்றது.

உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அம்மாவின் போன் என்னிடம்தான் இருந்தது. இந்தக் கடிதத்தோடு வீடியோவும் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். திரி முனையில் எண்ணெய் தீரப் போகிற மாதிரி அவ்வளவு மங்கல். ஆனால் துடிக்கவில்லை அக்கா. கோடு எதுவும் ஓடவில்லை. அணைந்து அணைந்து எரியவில்லை. அது அங்கேயே இருந்தது.

ஐயாவிடம் போனைக் காட்டினேன். பார்த்தார்கள். "கொல்லைத் தாழ் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கீழே கதவில் எந்தச் சத்தமும் இல்லை. தட்டி ஓய்ந்தவர்கள் உள்ளேயிருந்து யாராவது வருவார்கள் என்று நிற்பார்களே, அந்த அமைதிதான் இருந்தது. ஐயாவின் உதடு மறுபடி அசையத் தொடங்கியது. வாசல் வழியா வாங்க என்ற அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நான் கையை நீட்டி அவர்கள் வாயைப் பொத்தினேன். பெரியவர்களை அப்படிச் செய்யலாமா என்று அப்போது தோன்றவில்லை.

மீதியை எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று பாருங்கள். நீங்கள் வரும்வரைக்கும் புல் உருவம் செய்ய வேண்டாம் என்று பங்காளி வீட்டில் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், எனக்குச் சொல்லவும் வராது. கூப்பிட்டதும் பதில் வரவில்லை என்பதற்காக ஒருத்தரை இல்லை என்று எழுதிவிடாதீர்கள் அக்கா. நீங்களும் ஐயாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். ஆச்சியும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

நான் மாடிப்படி இறங்கினேன். வளவு தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகும்போது அம்மா பார்த்துவிட்டாள். "வெளக்கு வச்ச நேரத்துல எங்கடி அங்கிட்டுப் போற, தொறந்துராத" என்று அதட்டினாள். "ஆச்சி நிக்கிறாங்க" என்று சொன்னேன். என் குரல் அந்தக் கூடம் முழுவதும் கேட்டது.

போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தேன்.